விருப்பமிருந்தால் மட்டும்

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகருக்குத் தெற்கே ஆபிங்டன் என்றோர் ஊர் உண்டு. அங்கிருந்த எம்.ஜி. தொழிற்சாலை 1962 முதல் 1980 வரை ‘எம்.ஜி.பி.’ என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கி வந்தது. ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்ட கார்கள் அவ்வகையில் வெளிவந்தன. அவற்றுள் பெரும்பகுதி கடல் கடந்து அமெரிக்காவுக்குச் சென்றது.

அக்காரை வாங்கச் சென்றவருக்கு விற்பனையாளர் ஒரு பட்டியலைக் காட்டுவார். காரின் விலை தனி. அதற்கு மேல் பணம் தந்தால் கிடைக்கும் பொருள்கள் தனி. கம்பிச் சக்கரங்கள், குளிரை விரட்டும் வெப்பமூட்டி, வானொலிப் பெட்டி, நெடுஞ்சாலையில் எஞ்சினின் இரைச்சலைத் தணிக்கும் ஓவர்டிரைவ் என்று அது நீளும். 1969-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அப்பட்டியலில் மேலும் ஒன்று சேர்ந்தது. இருக்கையின் மேல்விளிம்பில் செருகி வைக்கும் ஒரு சிறு மெத்தை அது. ஆங்கிலத்தில் ஹெட்ரெஸ்ட் என்பர்; நாம் தலைதாங்கி என்று கூறுவோம்.

அதே தொழிற்சாலையில், அதே தொழிலாளரின் கைகளால் உருவான மற்றோர் எம்.ஜி.பி. அமெரிக்காவுக்குக் கப்பலேறும்போது, அதில் தலைதாங்கி கேளாமலே பொருத்தப்பட்டிருந்தது. 1969 ஜனவரி முதல் நாளிலிருந்து உருவாகும் பயணியர் கார்கள் அனைத்திலும், முன்னிருக்கைகளில் தலைதாங்கி இருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க அரசு விதித்திருந்ததே காரணம். ஆங்கிலேயரின் கழுத்தும் அமெரிக்கரின் கழுத்தும் ஒரே வகை எலும்பாலும் தசையாலும் ஆனவையே. ஆயினும் ஒருவருக்கு அது சட்டமாயிற்று, மற்றவருக்கு விருப்பமாயிற்று. இந்தச் சிறு முரண்பாட்டைக் குறித்தே இங்குச் சற்றுச் சிந்திக்க விழைகிறோம். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். ஓர் உயிரைக் காக்கும் பொருளை ‘விருப்பமிருந்தால் மட்டும்’ என்று எழுதி விலை குறிப்பது தகுமா என்ற வினா எழும் இடம் எதுவாயினும், அது அறநெறிக்கு உரிய இடமே.

முதலில் தலைதாங்கி செய்யும் பணியை அறிந்துகொள்வோம். நின்றுகொண்டிருக்கும் காரைப் பின்னாலிருந்து மற்றொரு வண்டி மோதுகிறது என்று கொள்வோம். மோதிய விசையில் கார் முன்னே தள்ளப்படுகிறது. காரோடு இருக்கையும், இருக்கையோடு அமர்ந்திருப்பவரின் முதுகும் முன்னே செல்கின்றன. தலைக்கு மட்டும் முட்டுக்கொடுப்பது ஒன்றுமில்லை. ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள தலை, இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. உடல் முன்னே ஓட, தலை பின்தங்க, இரண்டையும் இணைக்கும் கழுத்து முதலில் பாம்புபோல் வளைகிறது. பின்னர்த் தலை இருக்கையின் விளிம்பைத் தாண்டிப் பின்புறம் மடிந்து, மீண்டும் முன்னே வீசப்படுகிறது. இவையெல்லாம் கண்ணிமைப்பதற்குள் நடந்து முடிகின்றன. சாட்டையைச் சொடுக்குவது போன்றிருப்பதால் இக்காயத்துக்கு ஆங்கிலத்தில் ‘விப்லாஷ்’ என்று பெயர். இந்நேரத்தில் தலைக்குப் பின்னே, காதின் மேல்விளிம்பு உயரத்தில், மிக அருகில் ஒரு தாங்கல் இருந்தால் தலையும் முதுகோடு சேர்ந்தே முன்னே செல்லும். கழுத்துக்கு வேலையே இராது. தலைதாங்கியின் பணி இவ்வளவே.

ஆனால் அதன் பெயரைக் கவனியுங்கள். ஹெட்ரெஸ்ட் என்றால் தலைக்கு ஓய்வு தருவது. தலையணைக்குத் தங்கை போன்ற ஒரு சொல். அமெரிக்கச் சட்டம் இப்பெயரைத் தவிர்த்து, ‘ஹெட் ரெஸ்ட்ரெயின்ட்’, அதாவது தலையைத் தடுத்து நிறுத்துவது என்றே எழுதிற்று. விற்பனைப் பட்டியலுக்குப் பிடித்தது முதற்பெயரே. ஓய்வு என்று பெயர் பெற்றுவிட்ட பொருளை வெப்பமூட்டியோடும் வானொலியோடும் ஒரே வரிசையில் வைப்பதில் எவருக்கும் கூச்சம் தோன்றவில்லை. களைத்தவன் தலை சாய்க்கட்டும், இளைஞனுக்கு எதற்கு என்று வாங்குபவரும் கடந்து சென்றார். பெயரிடுவதிலும் அறம் உண்டு என்று நாம் கருதுகிறோம். காக்கும் பொருளுக்குச் சொகுசின் பெயரைச் சூட்டுவது பொய்யன்று. ஆனால் உண்மையைக் கேட்பவரின் செவிக்கு எட்டாமல் செய்துவிடுகிறது.

அக்காலத்தில் இதை அறிந்தவர் இல்லையா? இருந்தனர். காரில் தலைக்குத் தாங்கல் வேண்டும் என்ற எண்ணத்துக்கு 1920-களிலேயே அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. 1956-ஆம் ஆண்டுக் கார்களில் ஃபோர்டு நிறுவனம் ‘லைஃப்கார்டு’ என்ற பெயரில் பாதுகாப்பை முன்னிறுத்தி விளம்பரம் செய்தது. உறுதியான கதவுத் தாழ்களையும், மார்பில் குத்தாதவாறு குழிவாக அமைந்த ஸ்டியரிங் சக்கரத்தையும் எல்லாக் கார்களிலும் வைத்தது. சீட் பெல்ட்டையும் மெத்தை பதித்த முன்பலகையையும் மட்டும் விருப்பப் பட்டியலில் வைத்தது. அவ்வாண்டு செவ்ரொலே கார்களே அதிகம் விற்றன. பாதுகாப்பு விலைபோகாது என்ற பாடத்தைத் தொழில்துறையினர் அதிலிருந்து கற்றுக்கொண்டதாகச் சொல்வர். அவசரமாகக் கற்ற பாடம் என்றே நமக்குத் தோன்றுகிறது. மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1959-இல், சுவீடன் நாட்டின் வால்வோ நிறுவனம் தன் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்த மும்முனை சீட் பெல்ட்டைப் பட்டியலில் வைக்காமல் முன்னிருக்கைகளில் நேரடியாகவே பொருத்தியது. அதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. விற்பனையும் குன்றவில்லை, மதிப்பும் குன்றவில்லை.

1965-இல் ரால்ஃப் நேடர் என்னும் இளம் வழக்குரைஞர் அமெரிக்கக் கார்களின் பாதுகாப்பின்மையைக் குறித்து எழுதிய நூல் பெரும் அதிர்வை உண்டாக்கிற்று. அடுத்த ஆண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் தேசியப் போக்குவரத்து, மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அச்சட்டத்தின் கீழ்ப் பிறந்த விதிகளுள் 202-ஆம் எண்ணுடையதே தலைதாங்கி விதி. தாங்கியை முழுதும் உயர்த்தி வைத்தால் அது அமர்விடத்திலிருந்து குறைந்தது 27.5 அங்குல உயரம் எட்ட வேண்டும் என்றது அது.

இனி நாம் எழுப்பிய வினாவுக்கு வருவோம். விருப்பப் பட்டியலுக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு. அதை எளிதில் தள்ளிவிட இயலாது. மனிதன் சுதந்திரமானவன். தன் பணத்தை எதில் செலவிடுவது, எவ்வளவு ஆபத்தைத் தன்மேல் ஏற்பது என்பவற்றை அவனே தீர்மானிக்கட்டும். மலையேறுகிறவனை நாம் தடுப்பதில்லை. கடலுக்குச் செல்லும் மீனவனை வீட்டில் அடைத்து வைப்பதில்லை. ஆபத்தே இல்லாத வாழ்வு மனித வாழ்வும் அன்று. எனவே தலைதாங்கி வேண்டுமா வேண்டாமா என்று கேட்பது, வாங்குகிறவரைப் பெரியவராக மதிப்பதாகும் என்பர்.

இதில் உண்மை உண்டு. ஆயின் பட்டியல் வேறொன்றையும் செய்கிறது. ஒன்றோடொன்று ஒப்பிட இயலாதவற்றை ஒரே அளவுகோலில் நிறுத்துகிறது. கம்பிச் சக்கரத்துக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு என்று எழுதிய மாத்திரத்தில், இரண்டும் ஒரே வகைப் பொருள்கள் போல் தோன்றிவிடுகின்றன. கையிலிருக்கும் பணம் இரண்டில் ஒன்றுக்கே போதுமென்றால் எது வெல்லும்? கம்பிச் சக்கரம் ஒவ்வொரு நாளும் கண்ணுக்கு இன்பம் தரும். அண்டை வீட்டார் பார்ப்பர். தலைதாங்கியின் பயன் வாழ்நாளில் ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். இன்று காண்பது நாளை நேரக்கூடியதை வெல்லும் என்பது மனித இயல்பு. இவ்வியல்பை நன்கு அறிந்த விற்பனையாளர், அதை அறிந்தும் இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, ‘நீங்களே தேர்ந்துகொண்டீர்கள்’ என்று பின்னர்ச் சொல்வது முழு நேர்மையாகாது.

மேலும் ஒன்று. காரிலுள்ள ஏனைய பாதுகாப்புகளோடு தலைதாங்கியை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். நல்ல பிரேக்கும், சாலையைப் பற்றிக்கொள்ளும் டயரும், சொன்னபடி திரும்பும் ஸ்டியரிங்கும் ஓட்டுநரின் திறமைக்குத் துணை நிற்பவை. ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் இவற்றுக்கு மனமுவந்து பணம் தருவார். இவை அவர் திறமையைப் பெருக்கிக் காட்டுகின்றன. தலைதாங்கியோ அவர் திறமைக்கு எவ்வகையிலும் உதவாது. சிவப்பு விளக்கின் முன்னே, வளைவுகளையெல்லாம் வெற்றிகொண்ட அந்த ஓட்டுநர் அசையாமல் நிற்கும் வேளையில், பின்னால் வருகிற யாரோ ஒருவர் கவனம் சிதறும் நொடிக்காக அது காத்திருக்கிறது. அந்நொடியில் அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. தன் உடல் பிறர் கையில் இருக்கிறது என்பதை அவருக்கு நினைவூட்டும் பொருள் அது. முன்னே செல்லும் இன்பத்துக்காக வாங்கப்படும் காரில், பின்னே வருகிறவரை எண்ணிப் பார்க்க ஆள் குறைவு என்பதில் வியப்பில்லை. பந்தயக் களத்திலும் இதே நிலைதான். 1950-களில் லெ மான் பந்தயத்தை வென்ற ஜாகுவார் டி-டைப் காரில் ஓட்டுநரின் தலைக்குப் பின்னே உயர்ந்தெழும் ஓர் அமைப்பு உண்டு. அதையும் ஹெட்ரெஸ்ட் என்றே அழைத்தனர். அது காற்றைக் கிழித்து வேகம் கூட்டுவதற்கென்று அமைந்தது.

1963-இல் ஜெனீவா கண்காட்சியில் மெர்சிடஸ் நிறுவனம் 230 எஸ்.எல். என்ற ஸ்போர்ட்ஸ் காரை அறிமுகம் செய்தது. பேலா பரேனி என்னும் பொறியாளரின் சிந்தனையில் உதித்த அமைப்பு அதில் இருந்தது: மோதும்போது காரின் முன்பகுதியும் பின்பகுதியும் நசுங்கி விசையை விழுங்கும், நடுவில் மனிதர் அமரும் கூடு மட்டும் உறுதியாய் நிற்கும். பாதுகாப்பையே பெருமையாகக் கொண்டு பிறந்த அக்காரிலும் தலைதாங்கி விருப்பப் பொருளாகவே இருந்தது. அறிவு இல்லாமையால் நேர்ந்த குறையன்று இது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இதுவரை ஓட்டுநரைப் பற்றியே பேசினோம். எம்.ஜி.பி.யின் திறந்த வடிவில் இருக்கைகள் இரண்டு. இரண்டாம் இருக்கையில் அமர்பவர் யார்? மனைவியாயிருக்கலாம், நண்பராயிருக்கலாம், வழியில் ஏறிக்கொண்ட அயலாராயும் இருக்கலாம். அவர் அந்தப் பட்டியலைக் கண்டதில்லை. அவருடைய கழுத்தைக் குறித்து வேறொருவர், பல ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு விற்பனைக் கூடத்தில் முடிவு செய்துவிட்டார். சுதந்திரத்தின் பேரால் எழுந்த வாதம் இந்த இருக்கையின் முன்னே வாயடைத்துப் போகிறது. தன்மேல் ஆபத்தை ஏற்கும் உரிமை, பிறர்மேல் அதைச் சுமத்தும் உரிமையாக மாறாது.

பழங்கால இஸ்ரயேலருக்கு இதைக் குறித்து ஒரு சட்டம் இருந்தது. இணைச்சட்ட நூலின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் அதைக் காணலாம். புதிதாய் வீடு கட்டுகிறவன் மொட்டை மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். எழுப்பாமல் எவரேனும் விழுந்து மாண்டால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் பொருள். அந்நாட்டில் மாடி என்பது மக்கள் காற்று வாங்கவும் உறங்கவும் விருந்தினரோடு அமர்ந்து பேசவும் பயன்பட்ட இடம். வீட்டுக்காரருக்குத் தன் மாடியின் விளிம்பு எங்கே என்று இருட்டிலும் தெரியும். அன்றிரவு மட்டும் வந்து தங்கும் விருந்தினருக்குத் தெரியாது. ஆகவே செலவு கட்டுகிறவனைச் சேர்ந்தது. பயன் யாருக்கென்று முன்கூட்டியே தெரியாது. விருந்தினரே வராத வீடாயிற்றே என்று விலக்குக் கேட்கவும் அச்சட்டத்தில் இடமில்லை. கைப்பிடிச் சுவருக்கும் தலைதாங்கிக்கும் உருவத்தில் ஒப்புமை தேடுவது நம் நோக்கமன்று. ஆனால் யார் பொறுப்பு என்ற வினாவுக்கு இரண்டிலும் விடை ஒன்றே.

அறநெறி இறையியல் பாடத்தில் குருமாணவர் அனைவரும் கேட்டு வளர்ந்த எடுத்துக்காட்டு ஒன்றும் நம் நினைவுக்கு வருகிறது. வேட்டைக்காரன் ஒருவன் புதரில் ஏதோ அசைவதைக் காண்கிறான். மானாகத்தான் இருக்கும் என்று அவன் எண்ணுவதற்குத் தக்க காரணங்கள் உள்ளன. ஆனால் மனிதனாகவும் இருக்கலாம். அவன் சுடலாமா? ஐயத்துக்குரிய பல செய்திகளில், தக்க காரணமுள்ள கருத்தைப் பின்பற்றி நடக்க மனிதனுக்கு உரிமை தரும் இறையியலாளரும் இங்கே மறுத்துவிடுவர். பிறர் உயிருக்குக் கேடு நேரக்கூடிய இடத்தில், நேர வாய்ப்புக் குறைவு என்பது போதிய காரணமாகாது. பாதுகாப்பான வழியையே கொள்ள வேண்டும் என்பது மரபு. இதை எல்லை கடந்து விரித்தால் எவரும் கார் ஓட்டவே முடியாது என்பதையும் நாம் அறிவோம். எல்லாப் பயணத்திலும் ஆபத்து உண்டு. ஆனால் சிறு செலவில் விலக்கக்கூடிய ஆபத்தை விலக்காது விடுவது வேறு.

இன்றைய ஆங்கிலேயச் சட்டமும் இவ்வேறுபாட்டை உணர்ந்திருப்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது. 1965-க்கு முன்னர்ப் பதிவான கார் ஒன்றில் தொடக்கத்திலேயே சீட் பெல்ட் இல்லையென்றால், இன்றும் அதைப் பொருத்த வேண்டியதில்லை. பழைமைக்கு அவ்வளவு இடம் தருகின்றனர். ஆனால் அத்தகைய காரில் மூன்று வயது நிறையாத குழந்தையை ஏற்றிச் செல்லக் கூடாது. அதைத் தாண்டிய சிறுவரும் பின்னிருக்கையில் மட்டுமே அமரலாம். பின்னிருக்கை இல்லாத ஸ்போர்ட்ஸ் காரில் சிறுவருக்கு இடமேயில்லை என்பது இதன் விளைவு. பெரியவர் தம் உயிரோடு எப்படியும் விளையாடிக்கொள்ளட்டும், தனக்கென்று ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்ல இயலாதவரை அவ்விளையாட்டில் சேர்க்காதீர் என்று அச்சட்டம் சொல்வதாக நாம் கொள்கிறோம். தலைதாங்கியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை உரிமையாளரின் மனச்சான்று சொல்லக்கூடும்.

அழகைப் பற்றியும் பேசியாக வேண்டும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணுவோர் தலைதாங்கியை வெறுப்பது சோம்பலாலோ கஞ்சத்தனத்தாலோ அன்று. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் ஜாகுவார் இ-டைப் முதன்முதலாக வெளிவந்தபோது உலகம் வியந்து நின்றது. விமானக் கலை பயின்ற மால்கம் சேயர் வரைந்த அதன் உடலில், மூக்கிலிருந்து வால்வரை ஓடும் கோடு எங்கும் தடைபடுவதில்லை. திறந்த காரில் இருக்கைகளின் விளிம்பு கதவின் விளிம்பை ஒட்டித் தாழ்ந்திருக்கும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996-இல் இவ்வகைக் கார் ஒன்றைத் தன் நிலையான சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. அந்தத் தாழ்ந்த கோட்டின்மேல் இரண்டு மெத்தைகள் முளைத்து நின்றால் கண் உறுத்தும் என்பதை நாம் மறுக்கவில்லை. 1968-இல் வந்த இரண்டாம் வரிசைக் கார்களில் அமெரிக்க விதிகளுக்கு இணங்கப் பல மாற்றங்கள் நேர்ந்தன. உடலில் குத்தாத பொத்தான்கள் வந்தன. இருக்கைகள் தலைதாங்கியை ஏற்கும் வகையில் அமைந்தன. இன்று சேகரிப்போர் சந்தையில் முதல் வரிசைக் கார்களே அதிக விலைக்குப் போகின்றன. ஆபத்துக் குறைந்த கார் விலையும் குறைந்தது. ஆக, விருப்பப் பட்டியல் இன்றும் ஓயவில்லை, தலைகீழாகி நிற்கிறது. அன்று தலைதாங்கிக்குப் பணம் கேட்டனர். இன்று அது இல்லாமைக்குப் பணம் தருகின்றனர். அமெரிக்காவிலிருந்து தாயகம் திரும்பும் கார்களில் இருக்கும் தலைதாங்கியைக் கழற்றிவிட்டு, பழைய தாழ்ந்த இருக்கைகளைத் தேடிப் பொருத்துவோரும் உளர்.

இவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு மனமில்லை. விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் ஒரு நற்பண்பு உண்டு என்று புனித தாமஸ் அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலைத் தொடர்ந்து கற்பித்தார். ஓய்வில்லாத உள்ளம் ஓயாமல் நாணேற்றிய வில்லைப் போன்றது என்பதை நம் பெரியோரும் அறிவர். வெயில் அடிக்கும் ஒரு ஞாயிறு மாலையில் ஐம்பது ஆண்டு பழைய காரை ஊர்ப்புறச் சாலையில் மெல்ல ஓட்டிச் செல்கிறவர் எவருக்கும் தீங்கு எண்ணவில்லை. ஆண்டில் சில நாள்களே அவர் அதை எடுக்கிறார். நேரக்கூடிய ஆபத்தும் அவ்வளவுக்குச் சிறிதே. அருங்காட்சியகத்தில் நிற்கும் காரில் தலைதாங்கியைச் செருக வேண்டும் என்று வாதிடுவது நகைப்புக்கிடமாகும். பழைய மென்மையான இருக்கைகளில் ஏதோ ஒரு மெத்தையைக் கட்டிவைப்பதாலும் பயன் இல்லை. தலையின் எடையை ஏற்கும் சட்டம் உள்ளே இருந்தால்தான் தாங்கி தாங்கும். செய்யக்கூடிய இடத்தில் செய்வதைப் பற்றியே பேசுகிறோம். தலைதாங்கி ஏற்கும் இருக்கை இருந்தும், தாங்கியே கொட்டகையில் கிடந்தும், கோடு கெடும் என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பொருத்தாமல் மற்றொருவரை அருகில் அமர்த்திச் சாலையில் இறங்குவது அழகுக்காகச் செலுத்தும் விலை என்றால், அவ்விலையைச் செலுத்துபவர் அருகில் இருப்பவரே. அதை நம்மால் ஏற்க இயலவில்லை.

கழுத்துக் காயத்தைக் குறித்து இன்னொன்றையும் கருத வேண்டும். எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே படத்தில் தெரியும், ஊரார் இரங்குவர். விப்லாஷ் காயம் பெரும்பாலும் எப்படத்திலும் தெரிவதில்லை. மோதிய அன்று எழுந்து நடமாடியவர் மறுநாள் கழுத்தைத் திருப்ப இயலாமல் படுக்கிறார். பலருக்குச் சில வாரங்களில் தீர்ந்துவிடுகிறது. சிலருக்குத் தலைவலியும் கழுத்து வலியும் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கின்றன. அவர்கள் வலியோடு சேர்த்து ஐயப்பாட்டையும் சுமக்க நேர்கிறது. இழப்பீட்டுக்காக நடிக்கிறார் என்ற பேச்சு எழும். பொய்யாக நடித்தவர்களும் உண்டு என்பதால் அப்பேச்சு எளிதில் ஒட்டிக்கொள்ளும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, 2021 மே மாத இறுதியிலிருந்து இக்காயத்துக்கு வலி நீடித்த மாதங்களைக் கணக்கிட்டு நிலையான தொகை வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. கழுத்துக்கு மீண்டும் ஒரு பட்டியல்! பொய்யரைத் தடுக்க அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் பிறர் கண்ணுக்குத் தெரியாத வலியை உடையவருக்கு, அது நேராமல் தடுத்திருக்கக்கூடிய ஒரு சிறு மெத்தை எவ்வளவு பெரியது என்பதை நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் எவரும் அறிவர்.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாயிற்றா என்றால், இல்லை. அமெரிக்க அரசின் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை 1982-இல் தன் விதியின் பயனை ஆராய்ந்தது. இருக்கையோடு ஒன்றாக அமைந்த உயர்ந்த தாங்கிகள், பின்னாலிருந்து மோதப்பட்டவர்களின் காயத்தை 17 விழுக்காடு குறைத்திருந்தன. ஏற்றி இறக்கும் வகையினவோ 10 விழுக்காடே குறைத்திருந்தன. காரணம் எளிது: பெரும்பாலோர் தாங்கியைத் தம் உயரத்துக்கு ஏற்ப உயர்த்தி வைக்கவில்லை. கடையிலிருந்து வந்தபடியே, அடிமட்டத்தில் கிடந்தது அது. பட்டியலிலிருந்து நீங்கிய விருப்பம், ஏற்றி இறக்கும் கம்பியில் வந்து குடிகொண்டது. பின்னர்ப் பொறியாளர்களே இதற்கு விடை தேடினர். மோதும் நொடியில் தானே தலையை நோக்கி முன்னேறும் தாங்கியைச் சுவீடனின் சாப் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வால்வோ, இருக்கை முழுவதுமே தளர்ந்து கொடுத்து முதுகையும் தலையையும் சேர்த்துத் தாங்கும் அமைப்பை அளித்தது. அமெரிக்க விதியும் திருத்தப்பட்டு, தாங்கி இன்னும் உயரமாகவும் தலைக்கு இன்னும் அருகிலும் இருக்க வேண்டும் என்றாயிற்று.

விதி எவரை முதலில் எண்ணிற்று என்பதும் கவனிக்கத்தக்கது. பயணியர் கார்களுக்கு 1969-இல் வந்த அக்கட்டாயம், தொழிலாளரும் உழவரும் மிகுதியாகப் பயன்படுத்தும் பிக்-அப் போன்ற இலகு வண்டிகளுக்கு 1991 செப்டம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர்களுடைய கழுத்துகள் விருப்பத்தின் பாற்பட்டவையாகவே இருந்தன.

நம் ஆலய வளாகத்தில் ஞாயிறுதோறும் வந்து நிற்கும் கார்களைப் பார்க்கும்போது, முன்னிருக்கைத் தாங்கிகள் பெரும்பாலும் அடிமட்டத்திலேயே இருக்கக் காண்கிறோம். சிலவற்றில் வாங்கிய நாளில் போர்த்திய நெகிழித்தாள்கூட இன்னும் அகலவில்லை. உயர்த்த ஆகும் நேரம் அரை நிமிடம். தாங்கியின் மேல்விளிம்பு காதின் மேல்விளிம்புக்குக் கீழே இருக்கக் கூடாது, தலைக்கும் அதற்கும் இடையே நான்கு விரல் இடைவெளிக்கு மிகக் கூடாது என்ற கணக்கும் எளிதே. பின்னிருக்கையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அமெரிக்காவின் திருத்திய விதியும் பின்னிருக்கையில் தாங்கியைக் கட்டாயமாக்கவில்லை. வைத்தால் இன்ன உயரம் இருக்க வேண்டும் என்று மட்டுமே அது சொல்கிறது. நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் கார்கள் பலவற்றிலும் பின்னிருக்கையின் இரு ஓரங்களில் தாங்கி இருக்கிறது, நடுவில் இல்லை. அந்த நடு இடத்தில்தான், குடும்பத்தோடு புறப்படும்போது, பாட்டியையோ கடைக்குட்டியையோ அமர்த்துகிறோம்.